பொழுது போகலைங்க: சேர்வராயன் மலை விளிம்பில் ஆண்களின் தனிமை

சேலத்துப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆணிடம் போய் "உங்களுக்குத் தனிமையா இருக்குங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிடுவார். தனிமை என்பது பத்திரிகைக்காரர்களின் சொல். அவர் வாயில் வருவது வேறு: "பொழுது போகலைங்க", "மனசு ஒரு மாதிரியா இருக்குது", ரொம்பக் கேட்டால் "ராத்திரி தூக்கம் புடிக்க மாட்டேங்குது". ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் தலை பாரம், கை கால் அசதி, நெஞ்சு எரிச்சல் என்றுதான் சொல்வார். மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனை ஒண்டிக்கட்டை என்கிறோம். வீட்டில் நாலு பேர் இருந்தும் பேச ஆள் இல்லாதவனுக்கு நம் ஊரில் பெயர் வைக்கவில்லை.

என் பெரியப்பா அப்படி ஒருவர். சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபது வருசத்துக்கு மேல் காவல் இருந்தார். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். அப்போது அவர் பேசாமல் இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. வளர்ந்த பிறகு இரண்டு நாள் அவரோடு இருந்தபோதுதான், காலையிலிருந்து இரவு வரை மனுசர் பேசியதையெல்லாம் எழுதினால் அரைப் பக்கம் தேறாது என்று பட்டது. யார் மேலும் கோபமில்லை, எதிலும் வருத்தம் காட்டவில்லை. அந்த நாளுக்குள் பேச்சுக்கு இடமே இல்லை.

ஏற்காடு என்றதும் பலருக்கு ஏரியும் படகும் லேடீஸ் சீட்டும் மே மாதக் கோடை விழாவும் ஞாபகம் வரும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் இறங்கிவிடலாம். அந்த ஏற்காடு மலையின் ஒரு மூலைதான். அதைத் தாண்டி அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. மேற்கே தொப்பூர்க் கணவாய், கிழக்கே மஞ்சவாடிக் கணவாய், நடுவில் தூக்கி வைத்த மேடை மாதிரி சேர்வராயன். வடக்குச் சரிவில் இறங்கினால் தருமபுரி மாவட்டம்: பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி. மலையில் பிறக்கும் வாணியாறும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

1965 அக்டோபர் 2ஆம் தேதிக்கு முன்னால் இங்கே எல்லையே கிடையாது. எல்லாம் ஒரே சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டம் ஆனபோது மலையின் காலடியில் ஒரு கோடு விழுந்தது. அதைத் தாண்ட யாரும் சீட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் விளிம்பில் குடியிருப்பவனுக்கு அரசாங்கம் ஒரு பக்கம், பிழைப்பு இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது. ரயில் பிடிக்கக் கீழே தருமபுரி மாவட்டத்துக்கு இறங்க வேண்டும். பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் மேலே ஏற்காடு தாலுகா ஆபீசுக்கு ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊர் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கடைசி ஊர். பஸ் இங்கே வந்து திரும்பிப் போகும். இதைத் தாண்டி வேறெங்கோ போகிறவன் என்று ஒருவனும் இங்கே வர மாட்டான். வழிப்போக்கன் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதை நெடுஞ்சாலை ஓரத்தில் வளர்ந்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். சாலையோர டீக்கடையில் ஒரு நாளைக்கு நூறு புது முகம் வரும். கடைசி ஊர் டீக்கடையில் வருகிற எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். நேற்றுச் சொன்னதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இந்தக் கிராமங்களில் பெரும்பாலும் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம்; மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவன் சேர்வராயனில் தங்கினான், மற்ற இருவரும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது அவர்களிடம் வழிவழியாக வரும் கதை. எல்லைக் கோடு இவர்களை எவ்வளவு படுத்தும் என்பதற்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேலம், தருமபுரியில் மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே மக்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருந்தால் பட்டியலில் இல்லை. பல வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரி, அது தனிக் கதை.

எஸ்டேட் காவல்காரரின் ஒரு நாளைச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டி ஒரு வரக்காப்பி. வெளிச்சம் வந்ததும் வேலி ஓரமாக ஒரு சுற்று: ராத்திரி காட்டெருமை இறங்கியிருக்கிறதா, தண்ணீர்க் குழாய் எங்காவது பிடுங்கிக் கிடக்கிறதா, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியில் யாராவது கை வைத்தார்களா. எட்டு மணிக்கு முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் டீக்கடை. பேப்பர் அந்த பஸ்ஸில்தான் வரும். பத்து மணிக்குத் திரும்பி, மேஸ்திரி சொன்ன சில்லறை வேலை. மத்தியானம் களி, கீரைக் கடைசல், ஒரு தூக்கம். நாலு மணிக்கு மறுபடி சுற்று. ஆறு மணிக்கு மறுபடி டீக்கடை. இருட்டியதும் டார்ச் லைட்டும் தடியுமாக வாசல் திண்ணை. முன்பு டிரான்சிஸ்டர், இப்போது செல்போன். சிக்னல் கிடைக்கிற பாறை எது என்று அவருக்கு அத்துப்படி. மாசம் ஒரு நாள் சம்பளம், அன்றைக்கு ஏற்காடு.

இதைப் படிக்கிற பட்டணத்துக்காரர் "என்ன நிம்மதியான வாழ்க்கை" என்பார். தப்பில்லை, பாதி உண்மைதான். தனியாக இருக்கிறவனை நிமிர்த்தி வைத்திருப்பதே இந்த வழக்கம்தான். எட்டு மணிக்கு பஸ் வரும் என்பதால்தான் அவர் ஏழு மணிக்கு முகம் கழுவுகிறார். நாலு மணிச் சுற்று இருப்பதால்தான் மத்தியானத் தூக்கம் சாயங்காலம் வரை நீளவில்லை. பெண்டாட்டி செத்துப்போனவர்களும் வேலையிலிருந்து நின்றவர்களும் கால் முறிந்து படுத்தவர்களும் சட்டென்று உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். போன மனுசியையும் போன வேலையையும் தாண்டி, நாளைக் கட்டியிருந்த கயிறே அவிழ்ந்துவிடுகிறது.

மற்ற பாதி என்னவென்றால், இதே வழக்கம் ஓர் ஆளை நன்றாக மறைத்தும் விடும். தினமும் எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்கிறவனைப் பார்த்து யாரும் "என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை. வந்துவிட்டானே, நன்றாகத்தானே இருக்கிறான். அவன் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதும், சோறு பாதியோடு நின்றுவிடுகிறது என்பதும் பெஞ்சில் தெரியாது. அவனும் சொல்ல மாட்டான். கேட்டாலும் "சும்மாதான் இருக்கேன்" என்பான். கொங்கு, சேலம் வட்டாரத்து ஆண்களின் வாயில் 'சும்மா' என்ற சொல் எத்தனை விஷயத்தை மூடி வைக்கும் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

அப்படியானால் முன்பு இருந்த ஆண்கள் எல்லாரும் மனம் விட்டுப் பேசினார்களா? இல்லை. நம் தாத்தாக்கள் நம்மைவிட மோசமான ஊமைகள். ஆனால் அவர்களுடைய வேலை அவர்களைப் பேச வைத்தது என்பது என் கணிப்பு. ஆண்களின் பேச்சு இங்கே எப்போதும் வேலையின் முதுகில் ஏறித்தான் வந்தது. வேலை ஒற்றையாள் வேலையாக மாறியபோது பேச்சு ஏறி வர வண்டி இல்லாமல் போனது. இந்த மாற்றம் நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் குற்றவாளி என்று ஒருவரைக் காட்ட முடியாதபடி சின்னச் சின்னதாக நடந்தது.

முதலில் பரண். மலையில் சாமையும் ராகியும் கதிர் விட்ட காலத்தில் பன்றிக்கும் பறவைக்கும் காவல் இருக்கக் காட்டுக்குக் காடு பரண் கட்டுவார்கள். பரணில் இருப்பதும் ஒற்றையாள்தான். ஆனால் அந்த ஆள் கத்த வேண்டும். சத்தம் போட்டுத்தான் பன்றியை விரட்ட முடியும். ஒரு பரணில் கூவினால் எதிர்ச் சரிவுப் பரணில் இருப்பவன் பதிலுக்குக் கூவுவான். தூங்கிவிட்டானா என்று பார்க்க ஒரு கூவல், தூங்கவில்லை என்று சொல்ல ஒரு கூவல். நடு ராத்திரி தீ மூட்டினால் அந்த வெளிச்சத்தை இன்னொருவன் பார்த்துக்கொண்டிருப்பான். எஸ்டேட் காவலும் அதே இரவு, அதே மலை. ஆனால் இங்கே கூவ வேண்டியதில்லை, கூவினாலும் பதில் சொல்ல அடுத்த எஸ்டேட் காவல்காரன் வேறு கம்பிவேலிக்குள் அரை மைல் தள்ளி இருக்கிறான். சாமை போட்ட நிலம் காப்பிக்கும் மிளகுக்கும் மாறிய இடங்களில் பரணும் போய்விட்டது.

அடுத்தது நடை. மிளகையும் பழத்தையும் தலையில் சுமந்து சந்தைக்குப் போகிறவர்கள் தனியாகப் போக மாட்டார்கள். காட்டு வழி, சேர்ந்துதான் போக வேண்டும். போக மூன்று மணி நேரம், வர அதைவிடக் கூட. அந்த ஆறேழு மணி நேரத்தில் நிலத் தகராறு, மகள் கல்யாணம், மருமகன் குடி எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். முன்னால் போகிறவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசுவது முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட ஆணுக்குச் சுலபம். பிறகு ரோடு வந்தது, பஸ் வந்தது, அதற்கப்புறம் பைக் வந்தது. பைக் நல்ல பொருள்தான். பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ரோட்டையும் வண்டியையும் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் முக்கால் மணி நேரத்தில் போய் வந்துவிடலாம் என்றான பிறகு சேர்ந்து போக வேண்டிய அவசியம் போய்விட்டது. காற்று இரையும் பைக்கில் பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தாலும் என்ன பேசுவது?

மூன்றாவது சாவடி. ஊருக்கு நடுவே ஒரு திண்ணை, ஒரு மரம், பாறையில் கீறிய ஆடு புலி ஆட்டக் கட்டம். பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் உட்கார்ந்து வழக்குத் தீர்த்த இடம். மற்ற நேரத்தில் ஆண்கள் சும்மா படுத்துக் கிடந்த இடமும் அதுதான். இதை நினைத்து உருகிவிட வேண்டாம். பெண்களுக்கு அங்கே இடமில்லை. கீழே சமவெளி ஊர்களின் சாவடியில் எந்தெந்தச் சாதிக்காரன் ஏற முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அது போனதில் நியாயமும் உண்டு. ஆனால் அதன் இடத்தில் வேறொன்று வரவில்லை. வழக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது, பொழுது செல்போனுக்குப் போனது.

காப்பி இந்த மலைக்கு வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். எஸ்டேட் வேலை ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. அதில் பெரும்பாலும் பெண்கள். வரிசையாக நின்று பறிப்பார்கள், கை ஓட வாயும் ஓடும், மேஸ்திரி அதட்டினால் ஐந்து நிமிசம் அடங்கும். ஆண்களுக்கு விழுகிற வேலையைப் பாருங்கள்: மருந்து அடிப்பது, நிழல் மரம் கவாத்து செய்வது, ஒற்றை மூங்கில் ஏணியில் முப்பது நாற்பது அடி ஏறி மிளகு பறிப்பது, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரத்தை ஓட்டுவது, காவல். எல்லாம் ஆளுக்கு ஒரு மூலை. மிளகு ஏணி மேலே இருப்பவன் கவனம் சிதறி அரட்டை அடித்தால் கீழே விழுவான். இப்படி இருபது வருசம் வேலை செய்தவனுக்கு வாய் திறப்பது பழக்கமே இல்லாமல் போவதில் ஆச்சரியம் என்ன? தோட்டங்கள் பலவற்றின் முதலாளிகள் சேலத்திலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பங்களாவில் வருசத்தில் பத்து நாள் விளக்கு எரியும். மற்ற நாளெல்லாம் ஒரு காவல்காரரும் ஒரு நாயும்.

இதே வருசங்களில் பெண்களுக்கு வேறொன்று நடந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டு அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கின. இரண்டு மூன்று வருசத்தில் சேலத்துக்கும் வந்தன. நோக்கம் சேமிப்பும் கடனும். ஆனால் வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், இருபது பெண்கள் வட்டமாக உட்கார வேண்டும் என்பது விதி. கணக்கு முடிய அரை மணி, பேச்சு முடிய ஒன்றரை மணி. நூறு நாள் வேலை வந்தபோதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஏரிக்கரையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேலி பேசுகிறவர்கள் அந்த நிற்றலின் மதிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. கடன் தொல்லை, குழுச் சண்டை, ஏச்சுப் பேச்சு எல்லாம் உண்டு. இருந்தாலும் ஒருத்தி இரண்டு வாரம் வரவில்லை என்றால் கதவைத் தட்ட ஆள் வரும்.

ஆண்களுக்கு அரசாங்கம் திறந்து வைத்த கூடுமிடம் ஒன்றே ஒன்று. 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. குடியின் கேட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சின்னக் காட்சியை மட்டும் சொல்கிறேன். கடை வாசலில் நிற்கிற ஒருவர் முன்பின் தெரியாத இன்னொருவரிடம் "கட்டிங் போடலாமாங்க?" என்று கேட்பார். ஒரு குவாட்டரை ஆளுக்குப் பாதி, காசும் பாதி. பாதிக் காசு மிச்சம் என்பதுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். பத்து நிமிசம் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், அந்தப் பாதி கிளாஸ் முடிவதற்குள் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதிலிருந்து மகன் போன் எடுக்காதது வரை வெளியே வந்துவிடும். பெயர் தெரியாத ஆள் என்பதால்தான் வருகிறது. ஊருக்குப் போய்ச் சொல்ல மாட்டான். கூட்டு தேடிப் போகிறவன் எந்தக் குழியில் விழுவான் என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை பார்த்த ஆண்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். சேலத்துக் கிராமங்களில் முப்பத்தைந்து வயதாகியும் பெண் கிடைக்காத ஆண்கள் ஏன் இத்தனை பேர் என்று தரகரைக் கேட்டால் "இந்தக் காலத்துப் பொண்ணுங்க கவர்மெண்ட் மாப்பிள்ளைதான் கேக்குதுங்க" என்பார். அவர் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. 1991, 2001 இரண்டு கணக்கெடுப்பிலும் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 850ஐ ஒட்டித்தான் இருந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2011இல் அந்த எண் 900ஐத் தாண்டியது. அதற்குள் அந்தத் தலைமுறைப் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள். கள்ளிப்பாலும் நெல்மணியும் வாங்கிய பெண்கள் இன்று இருந்தால் முப்பதுகளில் இருப்பார்கள். பெண் தேடிப் பாலக்காட்டுக்குப் போகும் குடும்பங்கள் அந்தக் கணக்கைத்தான் கட்டிக்கொண்டிருக்கின்றன. பெண்ணை வேண்டாம் என்றவர்கள் பெரியவர்கள், ஒண்டிக்கட்டையாக உட்கார்ந்திருப்பது அவர்கள் ஆசைப்பட்டுப் பெற்ற அதே மகன்.

மலை மேல் கணக்கு வேறு. மலையாளிகளிடம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரியம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பெண் பிறந்தால் நஷ்டம் என்ற எண்ணம் சமவெளி அளவுக்கு இங்கே வேர் பிடிக்கவில்லை. இங்கே பெண்கள் பிறக்கிறார்கள், படிக்கிறார்கள், அப்புறம் இறங்கிப் போகிறார்கள். நர்சிங் படித்துச் சேலத்தில் வேலை பார்க்கும் பெண், ஒரே பஸ் வந்து திரும்பும் ஊருக்கு ஏன் வாழ வர வேண்டும்? நியாயமான கேள்வி. அவளுடைய அத்தை மகன்தான் பதில் இல்லாமல் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறான். அம்மா இருக்கும் வரை சோறு உண்டு, ஒரு வார்த்தை உண்டு. அம்மா போன பிறகு அந்த வீடுகளின் அடுப்பைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இளவட்டங்கள் ஊரில் இருப்பது குறைவு. திருப்பூர், ஓசூர், பெங்களூரு. சீசனுக்குக் குடகும் கேரளமும், மிளகு ஏறுவதில் இந்த மலைக்காரர்களுக்குப் பெயர் உண்டு. போன இடத்தில் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்திருப்பவன் தனியாள் இல்லை என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. ஏஜென்டு பேச்சை நம்பிச் செம்மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் சேர்வராயனுக்குப் பக்கத்து மலையான சித்தேரிக்காரர்களும் இருந்தார்கள். ஊரில் மிச்சம் இருப்பது நடுவயசும் கிழமும்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுவதாகச் சொல்கிறது. பிரிட்டன் 2018இலேயே இதற்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. நம்மிடம் இதை அளக்கும் வழக்கம் இல்லை. நம்மிடம் இருப்பது சாவுக் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர்; அதில் 1,18,979 பேர் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் 18,925. மாநிலங்களில் இரண்டாம் இடம். காரணம் என்ற பத்தியில் குடும்பப் பிரச்சினை, நோய், கடன், போதை என்று வரிசையாக இருக்கும். தனிமை என்று ஒரு கட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. வயிற்று வலி தாங்காமல் மருந்தைக் குடித்தார் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். மனசு ரொம்பக் கனமாக இருப்பவர்கள் 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 104 எண்ணும் உண்டு. சிக்னல் இருக்கும் பாறைக்கு ஏறிப் போய் அழைப்பாரா என்பது வேறு விஷயம்.

நிபுணர்கள் "ஆண்களும் மனம் திறந்து பேச வேண்டும்" என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். என் பெரியப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் ஒருவர் உட்கார்ந்து, "உங்க மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றால் அவர் எழுந்து மாடு கட்டப் போய்விடுவார். ஆஸ்திரேலியாவில் 1990களில் இதைப் புரிந்துகொண்டு ஒன்று செய்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்களுக்கு ஊருக்கு ஊர் ஒரு தச்சுக் கொட்டகை. உடைந்த நாற்காலியைச் சரிசெய்யலாம், பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யலாம். பேச்சு கட்டாயமில்லை. ஆண்கள் முகத்துக்கு முகம் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்பது அவர்களின் கணக்கு. அதைப் படித்தபோது எனக்குச் சந்தை நடைதான் ஞாபகம் வந்தது. முதுகைப் பார்த்துக்கொண்டு பேசியவர்கள்.

இங்கே தச்சுக் கொட்டகை ஒத்துவருமா தெரியாது. மே மாதம் 5,300 அடிக்கு மேல் இருக்கும் சேர்வராயன் கோயிலில் திருவிழா நடக்கும்போது பார்த்திருக்கிறேன். பந்தல் கால் நட, தண்ணீர்த் தொட்டி நிரப்ப, விறகு பிளக்க ஆண்கள் கூடுவார்கள். வருசம் முழுக்க 'சும்மா' என்ற ஒரு சொல்லோடு இருந்தவர்கள் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே விடிய விடியப் பேசுவார்கள்.

எஸ்டேட்டில் பெரியப்பாவுக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கியதும் திருட்டுப் பயம் வந்துவிடும். களத்தில் காய்கிற காப்பிக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர் என்று இரண்டு காவல் போடுவார்கள். இன்னொருவர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக்காரர், வயது கிட்டத்தட்ட இவர் வயதுதான். களத்து ஓரத்தில் ஒரே தீ, ஒரே அடுப்பு. ஒருவர் களி கிண்டினால் இன்னொருவர் குழம்பு. அந்த மாதங்களில் போன் செய்தால் பெரியப்பா இரண்டு நிமிசம் பேசுவார், அந்த ஆளின் மகள் கல்யாணச் செலவு எவ்வளவு என்பது வரைக்கும் சொல்வார். பிப்ரவரி கடைசியில் மூட்டை ஏறிக் களம் காலியாகும். ரெண்டு சம்பளம் எதுக்கு என்று ஒருவரை நிறுத்திவிடுவார்கள். மார்ச் மாதம் நான் போன் செய்து "என்ன பெரியப்பா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன் சாமி, வெச்சிரட்டுமா?" என்பார்.